விடிந்த பிறகு

எங்கம்மா என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் சொல்வது இதுதான்: "எம் பையன் கூச்சக்காரனுங்க." நாற்பது வயசாகியும் ஏன் கல்யாணமாகவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அதைப் பெருமையாகச் சொல்கிறதா, மன்னிப்புக் கேட்கிறதா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கூச்சம் பிறவிக் குணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சோமனூர்ப் பக்கம் மாதாரி வளவில் பிறந்த பையனுக்கு அது பழக்கிவிடப்படுவது. பண்ணாடி எதிரே வந்தால் ஒதுங்கி நில்லு, துண்டை இடுப்புக்கு இறக்கு, கண்ணைப் பார்த்துப் பேசாதே, கேட்டால் மட்டும் பதில் சொல்லு. எங்கப்பன் காலத்தில் இதையெல்லாம் வாய்விட்டே சொன்னார்கள். என் காலத்தில் யாரும் சொல்லவில்லை. உடம்பே செய்தது. இப்படிக் குறுகிப் பழகிய உடம்புக்குள், ஆம்பளையைப் பார்த்தால் மனசு தடுமாறுகிற சங்கதியும் சேர்ந்துகொண்டது. ஒரு கூச்சத்தின் மேல் இன்னொரு கூச்சம் ஏறி உட்கார்ந்தது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. எனக்கும் அது வசதியாக இருந்தது.

2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுரோட்டில், சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவரோடு வெட்டுப்பட்ட மனைவி கௌசல்யா பிழைத்தார். அதற்கு முந்தின வருசம் ஜூன் மாதம்தான் கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. கண்டனக் கூட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது என் பையிலிருந்து ஒரு புத்தகம் வெளியே விழுந்தது. எடுத்துக் கொடுத்த தோழர் அட்டையைப் பார்த்தார். என்ன கதை என்று கேட்டார். இரண்டு ஆண்கள் காதலிக்கிற கதை என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார்: "ஏனுங் தோழர், சங்கரை வெட்டிச் சாச்ச மண்ணுல இருந்துக்கிட்டு இதைப் படிக்கறதுக்கு உங்களுக்கு எப்புடி மனசு வருது?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. என் சனம் வெட்டுப்படும்போது நான் கதைக்குள் போய் ஒளிந்துகொள்கிறேனா? கதையில் கிடைக்கிற காதல் ஒரு காதலா? பத்து வருசமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்த வரைக்கும் இங்கே வைக்கிறேன்.

காதல் கதை எனக்கு முதலில் கிடைத்தது அக்காவிடமிருந்து. அக்கா பஞ்சு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. சம்பள நாளில் வாடகை நூலகத்திலிருந்து ரமணிசந்திரன் நாவல்கள் எடுத்துவரும். அது தூங்கினதும் நான் எடுத்துப் படிப்பேன். அந்த நாவல்களில் நாயகன் நாயகியை ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், அதற்காகவே படித்தேன். படிக்கும்போது நான் நின்றது நாயகி நிற்கிற இடத்தில். அந்த வீடுகளுக்குள் எங்கள் வளவைச் சேர்ந்த ஒருவரும் நுழைந்ததாக நினைவில்லை. வேலைக்காரியாகக்கூட இல்லை. ஆக, சாதியும் மாறி, ஆண் என்பதும் மாறி, வேறொருத்தியின் உடம்புக்குள் புகுந்துதான் என்னை ஒருவன் ஆசையாகப் பார்ப்பதை நான் அனுபவிக்க முடிந்தது. பன்னிரண்டு வயசில் அது எவ்வளவு தூரப் பயணம் என்று தெரியவில்லை.

பிறகு தறிக்குடோன். சோமனூரில் எங்கு திரும்பினாலும் விசைத்தறிச் சத்தம்தான். கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. ஓடுகிற தறிகளுக்கு நடுவில் யாரும் யாரோடும் பேச முடியாது. சைகைதான். தார் தீர்ந்தால் நாடாவை எடுத்து வேறு தார் போட வேண்டும், அறுந்த இழையைப் பிணைக்க வேண்டும், அடுத்த தறிக்குப் போக வேண்டும். வாங்கிய முன்பணம் கழிகிற வரைக்கும் வேறு குடோனுக்குப் போக முடியாது. அந்தக் கடனோடு, அந்தச் சத்தத்துக்குள் என் இருபதுகள் கழிந்தன.

2012இல் கரண்டு போனது. அந்த வருசம் சென்னை தவிர்த்த தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. ராத்திரி ஷிப்டில் கரண்டு போனால் குடோனில் காது அடைக்கிற அமைதி வரும். மற்றவர்கள் வெளியே காற்றாடப் போவார்கள். நான் உள்ளேயே பாவு உருளைக்குப் பக்கத்தில் படுத்திருப்பேன். அப்போதுதான் அவன் வர ஆரம்பித்தான். ஓனருக்குச் சொந்தக்காரப் பையன். என் வயசுதான் இருக்கும்.

ஐந்து மாதம். அதை நான் காதல் என்றுதான் நினைத்தேன். மின்வெட்டு நேரம் எப்போது என்று ஊரே சபித்துக்கொண்டு கேட்கும்போது நான் ஆசையாகக் கேட்டேன். எந்தத் தீட்டை வைத்து எங்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கினார்களோ, அந்தத் தீட்டு இருட்டில் அவனுக்கு ஒட்டவில்லை. எனக்கு அதில் ஒரு வெற்றிகூட இருந்தது. சாதியை நான் தொட்டு உடைத்துவிட்டதாக நினைத்தேன். பைத்தியக்காரன்.

ஏனென்றால் காலையில் ஷிப்ட் முடிந்து எல்லோரும் டீக்கடைக்குப் போவோம். அவனுக்குக் கண்ணாடி டம்ளர். எங்களுக்குக் காகிதக் கப்பு. இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் இந்தக் காகிதக் கப்பைக் கவனிக்க வேண்டும். குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிடலாம், சாட்சி இருக்காது. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நான் வேப்பமரத்தடியில் நிற்பேன். ஒரு நாளும் அவன் கண் என் பக்கம் திரும்பியதில்லை. இருட்டிலும் ஒன்று இருந்தது, அதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். அவன் என்னை "வாடா, போடா" என்பான். நான் அவனை "வாங்க, போங்க" என்பேன். அவ்வளவு நெருக்கத்திலும் அந்த 'ங்க' என் வாயிலிருந்து உதிரவில்லை. அவன் ஒரு தடவைகூட என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அடுத்த வருசம் உக்கடம் பழைய புத்தகக் கடையில் 'மோரிஸ்' கிடைத்தது. ஈ.எம். ஃபார்ஸ்டர் எழுதிய நாவல். அஞ்சல் வழியில் பி.ஏ. படித்த இங்கிலீசை வைத்துக்கொண்டு, பக்கத்தில் லிப்கோ அகராதியோடு, மூன்று மாதம் படித்தேன். தார்ப்பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்து, தறி ஓடும்போது இரண்டு வரி, நிற்கும்போது ஒரு பக்கம் என்று.

கதை இதுதான். மோரிஸ் வசதியான வீட்டுப் பையன், பங்குத் தரகன். முதலில் தன்னைப்போலப் படித்த கிளைவ் என்பவனைக் காதலிக்கிறான். கிளைவ் ஒரு கட்டத்தில் விலகி, கல்யாணம் பண்ணி, பெரிய மனுசனாகிவிடுகிறான். பிறகு அந்தக் கிளைவின் பண்ணையில் வேட்டைக்காவல் பார்க்கிற அலெக் ஸ்கடர் என்ற வேலைக்காரனுக்கும் மோரிஸுக்கும் உறவு உண்டாகிறது. ராத்திரியில், ஏணி வைத்து ஜன்னல் வழியாக அலெக் ஏறி வருகிறான். இதுவரைக்கும் எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இருட்டோடு அது முடியவில்லை. மோரிஸ் அவனிடம் பேர் கேட்கிறான். அவன் ஸ்கடர் என்று வேலைக்காரனுக்குரிய பேரைச் சொல்கிறான். அது தெரியும், உன் சொந்தப் பேர் என்ன என்று மோரிஸ் கேட்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. ஓடுகிற தறியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இழை அறுந்ததுகூடத் தெரியவில்லை, அந்தப் பீஸுக்குக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு இருவரும் பகலில் சந்திக்கிறார்கள், லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில். சண்டை போடுகிறார்கள். அலெக் மிரட்டுகிறான். வர்க்கம் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது, ஃபார்ஸ்டர் அதை மறைக்கவில்லை. கடைசியில் அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டிய கப்பலை அலெக் விட்டுவிடுகிறான். மோரிஸ் தன் வேலையையும் அந்தஸ்தையும் விட்டுவிடுகிறான். சேர்ந்து வாழப் போகிறார்கள்.

இதை ஃபார்ஸ்டர் 1913-14இல் எழுதினார். 1970இல் அவர் சாகிற வரைக்கும் வெளியிடவில்லை. 1971இல்தான் அச்சானது. இங்கிலாந்தில் 1967 வரைக்கும் ஆணும் ஆணும் கூடுவது குற்றம். கதையைத் தற்கொலையில் முடித்திருந்தால் பிரசுரிப்பது சுலபமாக இருந்திருக்கும் என்று அவரே பின்னுரையில் சொல்கிறார். ஆனால் சந்தோசமான முடிவு இல்லாமல் எழுதுவதில்லை என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார். காதல் கதைகளின் சுப முடிவை நாம் கேலி செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். சுப முடிவு என்றால், விடிந்த பிறகும் ஒருத்தன் கூட இருப்பது. அது கேலிக்குரிய விசயமில்லை என்று அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

புத்தகம் முடித்த வாரத்தில் அவன் வந்தான். மின்வெட்டு அப்போதும் இருந்தது. "காத்தால டீக்கடையில எம்பேரைச் சொல்லிக் கூப்புட்டு ஒரு டீ வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். நான் சிரிக்கவில்லை என்றதும், "உனக்கென்னடா கிறுக்கா?" என்றான். எழுந்து போனான். அதற்குப் பிறகு வரவில்லை. கொஞ்ச நாளில் அவனுக்குக் கல்யாணம். பந்தல் போடவும் எச்சிலை எடுக்கவும் எங்கள் வளவிலிருந்து ஆள் போனார்கள்.

ஆகவே, கதை எனக்கு ஒரு ஆளைச் சேர்த்துவைக்கவில்லை. இருந்த ஆளையும் போக்கிவிட்டது. அந்த உறவை இழந்து நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ஒரு வருசம் நன்றாகத் தூங்கவில்லை. பட்டினி கிடக்கிறவன் இருட்டில் கிடைத்த சோற்றை வேண்டாம் என்று சொன்னது புத்திசாலித்தனமா என்று எத்தனையோ ராத்திரி கேட்டிருக்கிறேன்.

பதில் எங்கம்மாவிடமிருந்து வந்தது. அதற்குத் தெரியாமலேயே வந்தது. எங்கப்பன் பண்ணையத்தில் இருந்த காலத்தில் அம்மா சாயங்காலம் பண்ணாடி வீட்டு வாசலில் போய் நிற்கும். மிச்சச் சோற்றை எட்ட நின்று போசியில் போடுவார்கள். நான் பிறந்த வருசம் ஒரு நாள் அம்மா போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. வீட்டில் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லும்போது அம்மா வீராவேசமாகவெல்லாம் சொல்லாது. "பசி ரெண்டு நாள்ல பழகிப்போச்சு கண்ணு. வாசல்ல நின்னது இன்னும் பழகுல" என்று சொல்லும், அவ்வளவுதான்.

1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் நம் சனத்திடம் கேட்டுக்கொண்டதும் இதைத்தான். செத்த மாட்டைத் தின்னாதீர்கள், எச்சில் சோற்றை வாங்காதீர்கள் என்றார். சோறே இல்லாதவர்களிடம் போய்ச் சோற்றை மறுக்கச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் கொடுமையான அறிவுரை. மறுக்கிற உரிமை பணக்காரனுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதுதான் அதன் அர்த்தம் என்று நினைக்கிறேன். இருட்டில் கொடுத்து வெளிச்சத்தில் மறுக்கப்படுகிற தொடுதலும் எச்சில் சோறுதான். அதை மறுக்கலாம் என்பதை, வேறு மாதிரியும் இருக்க முடியும் என்று பார்த்த பிறகுதான் தெரிந்துகொள்ள முடியும். என் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கதையில்தான் இருந்தது.

இங்கே நின்றுவிட்டால் ஃபார்ஸ்டருக்கு மாலை போட்டதாகிவிடும். போட முடியாது. 1921இல் அவர் இந்தியாவில், தேவாஸ் சமஸ்தானத்து ராஜாவிடம் அந்தரங்கச் செயலாளராக இருந்தார். அப்போது அரண்மனையில் முடிவெட்டுகிற கனையா என்பவனை ராஜாவே அவருக்கு ஏற்பாடு செய்துகொடுத்தார். அந்த உறவில் போகப் போக அதிகாரமும் கொடுமையும் கலந்துவிட்டதை ஃபார்ஸ்டரே ஒத்துக்கொண்டு எழுதிவைத்திருக்கிறார். அவர் செத்துப் பதின்மூன்று வருசம் கழித்து, 1983இல், அது அச்சில் வந்தது. வேலைக்காரனிடம் சொந்தப் பேரைக் கேட்கிற காட்சியை எழுதி ஏழு வருசம் கழித்து நடந்தது இது. கனையாவின் தரப்பு நம்மிடம் இல்லை. அவனும் காலையில் எங்கேயாவது மரத்தடியில்தான் நின்றிருப்பான்.

இதைப் படித்தபோது புத்தகத்தைக் கிழித்துவிடலாம் என்றிருந்தது. கிழிக்கவில்லை. எழுதினவனைவிட அவன் எழுதிய கதை யோக்கியமாக இருக்கிறது. அந்தக் கதையை வைத்தே அவனை நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிறது. யாரோ எழுதிய சமத்துவ வாசகத்தை எடுத்து, எழுதினவர்களையே கேள்வி கேட்பது நமக்குப் புதுசா என்ன? நூறு வருசமாக நம் இயக்கம் செய்துகொண்டிருப்பதே அதுதானே.

தோழரின் கேள்விக்குத் திரும்புகிறேன். இது மேல்தட்டுச் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று இன்றைக்கும் கூட்டங்களில் கேட்கிறேன். 1934இல் பம்பாயில் ர.தோ. கர்வே என்பவர்மேல் வழக்கு நடந்தது. 'சமாஜ ஸ்வாஸ்த்ய' என்ற மராத்திப் பத்திரிகையில் வாசகர்கள் கேட்ட பாலுறவுச் சந்தேகங்களுக்குப் பதில் எழுதினார், அது ஆபாசம் என்று வழக்கு. அந்தக் கேள்விகளில் ஓரினக் காதலும் உண்டு. கர்வேக்காக வாதாடிய வக்கீல் அம்பேத்கர். ஒருவருக்கு அது இயல்பாக இருந்தால் அதில் தப்பில்லை, அவரவர்க்குப் பிடித்த வழியில் சந்தோசமாக இருக்க உரிமை உண்டு என்கிற பக்கத்தில் நின்று வாதாடினார். வழக்கு தோற்றது. மகாடுக்கு ஏழு வருசம் கழித்து, பூனா ஒப்பந்தத்துக்கு இரண்டு வருசம் கழித்து, தலைக்கு மேல் வேலை கிடந்த காலத்தில் அவர் இதைத் தள்ளிவைக்கவில்லை. நாம் ஏன் தள்ளிவைக்கிறோம்?

சங்கரையும் கோகுல்ராஜையும் கொன்றவர்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். தலித் உடம்பை இருட்டில் பயன்படுத்திக்கொண்டால் சாதிக்கு ஒன்றும் ஆகாது. தலித் ஒருவன் பகலில், பேரோடு, பக்கத்தில் உட்கார வைத்துக் காதலிக்கப்பட்டால்தான் சாதிக்கு ஆபத்து. சங்கரைப் பகலில் நடந்துபோனதற்காகத்தான் வெட்டினார்கள். தறிக்குடோனில் எனக்கு ஒன்றும் நேராததற்குக் காரணம் நான் ராத்திரியோடு நின்றுகொண்டதுதான். தோழர், நாம் இரண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பகல் வெளிச்சத்தைக் கேட்கிறோம்.

தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் மத்தியில் போனால் சாதி இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். போனில் பழகி, கோயம்புத்தூரில் சந்தித்த ஒருவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு, "சோமனூர்ல எந்தப் பக்கமுங்க நீங்க?" என்றார். கொங்கில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சொன்னேன். காபி ஆறுகிற வரைக்கும் ஏதோ பேசினார். அப்புறம் போன் எடுக்கவில்லை.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 1860இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்சநீதிமன்றம் எங்களை விடுவித்தது. அம்பேத்கர் வலியுறுத்திய அரசியலமைப்பு அறம் அந்தத் தீர்ப்பில் முக்கியமான ஆதாரம். 2023 அக்டோபர் 17ஆம் தேதி அதே நீதிமன்றம் எங்களுக்குத் திருமண உரிமை தர மறுத்துவிட்டது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967லேயே சட்டம் போட்ட நாட்டில் இருக்கிறோம். ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. மாலை மாற்றிக்கொள்கிற இரண்டு பேரும் ஆணாக இருக்கலாம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

தமிழில் இந்த வாழ்க்கை எழுதப்படவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கரிச்சான் குஞ்சு 1978லேயே 'பசித்த மானிட'த்தில் தொட்டிருக்கிறார். 2018இல் கிரீஷின் 'விடுபட்டவை' வந்தது. எங்கள் மண்ணின் பண்ணையத்துப் பையன்களைப் பெருமாள்முருகன் 2000இல் 'கூளமாதாரி'யில் எழுதிவிட்டார். ஆடு மேய்த்து, அடி வாங்குகிற கூளையனை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கப்பனும் அப்படித்தான் இருந்தார். அந்தக் கூளையன் வளர்ந்து, ஒருத்தனால் பகலில் காதலிக்கப்படுகிற கதைதான் இன்னும் பாக்கி. அதை நாம்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதினால் அழ வைப்பார்கள். நம்மை வைத்து அழ வைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

நானே எழுதிப் பார்த்தேன். இரண்டு பேர், ஒரே குடோன், ஒருத்தன் எங்கள் வளவு. முடிவுதான் வர மாட்டேன் என்கிறது. ஃபார்ஸ்டர் தன் இருவரையும் காட்டுக்குள் அனுப்பிவிட்டார். இங்கிலாந்தில் காடு என்றால் யாரும் இல்லாத இடம் போலிருக்கிறது. கொங்கில் காடு என்றால் பண்ணாடியின் வயல். எங்கே போய் ஒளிந்தாலும் அது ஒருத்தருக்குச் சொந்தம். ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்கப் போனால் முதல் கேள்வி சாதி. அதைத் தாண்டினாலும் அடுத்த கேள்வி, குடும்பமா, தனி ஆளா. அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று என் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அதனால் கதையை டீக்கடையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்துவிட்டது. கண் எரிகிறது. சட்டையெல்லாம் பஞ்சு. ஒருத்தன் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறான். இன்னொருத்தனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். இரண்டு டீ சொல்கிறான். கடைக்காரர் பாய்லரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறார். ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்துவிட்டார். அடுத்ததாக அவர் கை எதன் பக்கம் போகும் என்பதை நான் இன்னும் எழுதவில்லை.